சிவப்பு நூல் கட்டிய போர்வை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்கள் முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்து, என்ன சிரித்த முகம் என்பீர்கள். அந்தப் படம் எடுத்தபோது அக்கா என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை ஏறுமாறாகப் போட்டிருந்தது என் குற்றம். இந்த வரியை எழுதும்போதும் முதுகுக்குப் பின்னாலிருந்து, “இதையெல்லாமாடா எழுதுவ?” என்ற குரல் வரும் என்று காது எதிர்பார்க்கிறது. காலையில் என்னோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டவர் மத்தியானம் இல்லை. எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் மனசு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

அக்கா பிறந்தது இரும்புலியூரில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அம்மா தவறியபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஒன்பது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, தாம்பரத்தில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சேர்ந்தார். தைத்த சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டிச் சரிபார்க்கும் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை என்று எழுத ஆசை. ஆனால் மாதம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டினார். உரிமையோடு சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன்.

கல்யாணமாகி அஸ்தினாபுரம் போனார். மாமாவுக்கு ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. பிள்ளையில்லாத குறையை ஊர்தான் பேசியது, அக்கா பேசவில்லை. கம்பெனி மூடியபோது மற்றவர்கள் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்ப, அக்கா மட்டும் இரண்டு மூட்டை வெட்டுத்துணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்தத் துண்டுகளை மேலே ஒட்டி, நடுவே மாமாவின் பழைய வேட்டிகளை வைத்து, கீழே ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டார். அக்காவின் முதல் கில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை, அதுதான். அதைப் பஞ்சடைத்த ரஜாய் என்று யாராவது சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும்.

அப்புறம் பழைய கில்ட்டுகள் மேலும் பைத்தியம் பிடித்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு என்னை இழுத்துக்கொண்டு போவார். வெளிநாட்டில் குடியேறப் போகிற குடும்பங்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அங்கேயும் போய் நிற்பார். எந்தக் கில்ட்டையும் முதலில் திருப்பிப் போட்டு முதுகைத்தான் பார்ப்பார். “முன்னாடி எல்லாரும் அழகாத்தான் தைப்பாங்க. பின்னாடி பாரு, யாரு பொறுமையா இருந்தாங்கன்னு தெரியும்” என்பார். கிழிந்த இடத்தில் புதுத் துணி வைத்து மறைக்க மாட்டார். மெல்லிய வலைத்துணியை மேலே வைத்துத் தைத்து, கிழிசல் தெரியும்படியே விடுவார். பழசைப் புதுசு என்று ஏமாற்றி விற்கக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். பழந்துணிக்கா இந்த விலை என்று கேட்டு வந்தவர்களிடம், “தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்பார். தொட்டவர்கள் பெரும்பாலும் வாங்கினார்கள்.

பிறகு ஆர்டர்கள் வந்தன. இறந்துபோன அம்மாவின் புடவைகள், அப்பாவின் சட்டைகள் என்று பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இரும்புலியூர் அஞ்சலை துணைக்கு வந்து தைத்தார். ஆர்டர் கில்ட் முடிந்ததும், கொடுத்தவர் சம்மதித்தால் அதை ஒரு கண்காட்சியில் மாட்டிவிட்டுப் பிறகு ஒப்படைப்பது அக்காவின் வழக்கம். அப்படி மாட்டும் கில்ட்டின் கீழ் மூலையில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டுவோம். சிவப்பு நூல் இருந்தால் அது ஒருவருக்குச் சொந்தமானது, யார் எவ்வளவு கேட்டாலும் கொடுக்கக் கூடாது. நூல் கட்டுவது என் வேலை.

அஸ்தினாபுரத்து நிர்மலா டீச்சர் தன் அம்மாவின் ஏழு புடவைகளைக் கொடுத்திருந்தார். எல்லாம் நூல் புடவைகள். நடுவில் அரக்குச் சிவப்புச் சுங்குடி. நான்கு மாதம் அதிலேயே உட்கார்ந்திருந்தார் அக்கா. தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வந்தது. “மாட்ட வேணாம்டா, டீச்சர் காத்துக்கிட்டிருக்காங்க, கொடுத்துடலாம்” என்றார் அக்கா. நான்தான் கேட்கவில்லை. “மூணு நாளுதானேக்கா. இது மாதிரி ஒண்ணு வாசல்ல தொங்கினா கூட்டம் தானா வரும்” என்றேன். அக்கா டீச்சருக்குப் போன் செய்து அனுமதி வாங்கினார். நான் சிவப்பு நூல் கட்டினேன். டீச்சரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆர்டர் நோட்டில் பெயரும் முகவரியும் பார்த்ததோடு சரி.

இரண்டாம் நாள். மணி பன்னிரண்டு இருக்கும், நல்ல வெயில். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து யாரிடமோ தையலைக் காட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். ஓடிப்போய்த் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். முகமெல்லாம் வேர்வை. ஆனால், “குளிருதுடா, ரொம்பக் குளிருது” என்றார். எதை எடுக்கிறேன் என்று பார்க்கவில்லை. கைக்கு எட்டிய கில்ட்டைப் பிடித்து இழுத்தேன். ஒரு பக்கம் கையோடு வந்தது, மறுபக்கம் மூங்கிலில் கிளிப்போடு மாட்டிக்கொண்டது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண்மணி எட்டி அந்தக் கிளிப்பைக் கழற்றிவிட்டார். போர்த்தித் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு தலைவலி மாத்திரைகூட வீட்டில் வைத்துக்கொள்ளாதவர்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை நான்தான் வாங்கி வந்தேன் என்கிறார்கள். எந்தக் கடை, என்ன நிறம், தெரியாது. சுடுகாட்டில் மேலே கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மண்டபத்திலிருந்து போர்த்திக் கொண்டுவந்த கில்ட்டை எடுக்கப் போனபோது மாமா தடுத்தார். “இருக்கட்டும். குளிருதுன்னு சொன்னாளாமே. அதோடவே போகட்டும் மச்சான்” என்றார். சரி என்று தலையாட்டக் குனிந்தேன். அப்போதுதான் மூலையில் சிவப்பு நூலைப் பார்த்தேன். என் கையால் போட்ட முடிச்சு.

இது நம்முடையது இல்லை, வேறொரு அம்மாவின் புடவைகள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. இந்த மலரைப் படிக்கும்போதுதான் மாமாவுக்கே இது தெரியப்போகிறது. மாமா என்னை மன்னிக்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகும் டீச்சரிடமிருந்து போன் வரவில்லை. வராதது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. அஸ்தினாபுரம் போனால் அந்தத் தெரு வழியே போகாமல் சுற்றிப் போனேன். பிறகு ஒரு மட்டமான யோசனை வந்தது. பல்லாவரம் சந்தையில் பழைய சுங்குடி ஒன்றும் அதே மாதிரி ஆறு நூல் புடவைகளும் தேடிப் பிடித்து வாங்கி, அஞ்சலையிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அதே போல ஒன்று தைத்துவிடு, யாருக்கும் தெரியாது என்றேன்.

“இன்னா சார் பேசற நீ? அவங்க ஆத்தா கட்டுன பொடவ சந்தையில கீதா? அக்கா கிழிசலக்கூட மறைக்காம தச்சிது. நீ ஆளையே மாத்தி வெச்சித் தெக்க சொல்ற. நேரா வூட்டுக்குப் போய் சொல்லு. இல்லாங்காட்டி நான் போய் சொல்லுவேன்” என்று பையை என் காலடியிலேயே வைத்துவிட்டார்.

அப்படியும் எனக்குத் தைரியம் வரப் பத்து மாதமாயிற்று.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கூட்டத்தை விலக்கி வழிவிட்ட மண்டபத்துக் காவலாளிக்கும், பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்ட ஆட்டோக்காரருக்கும், மிச்சமிருந்த கில்ட்டுகளைத் தரையில் படாமல் மடித்து வீட்டில் சேர்த்த பக்கத்துக் கடைக்காரர்களுக்கும், மூன்று வேளையும் சமைத்துப் போட்ட அஸ்தினாபுரத்துத் தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாதியில் நின்ற ஆர்டர்களையெல்லாம் முடித்துக் கொடுத்தவர் அஞ்சலை. என் புத்தியைத் திருத்தியவரும் அவர்தான்.

இன்னும் ஒருவர் இருக்கிறார்.

போன மாதம் நிர்மலா டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கண்ணாடி போட்ட, மெலிந்த ஒரு பெண்மணி திறந்தார். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மாட்டச் சொன்னது நான், நூல் கட்டியது நான், இழுத்தது நான், பார்த்தும் பேசாமல் இருந்தது நான்.

“எனக்குத் தெரியும் தம்பி” என்றார். “அம்மா புடவை எப்படித் தொங்குதுன்னு பாக்கத்தான் அன்னிக்கு வந்தேன். உங்க அக்கா எங்கிட்டதான் தையலைக் காட்டிக்கிட்டிருந்தாங்க. மறுபக்கம் கிளிப்பு வரலைன்னு நீங்க இழுத்துக்கிட்டிருந்தீங்க. கழட்டி விட்டது நான்தான்.”

அத்தனை மாதம் யாருக்குப் பயந்து தெருவைச் சுற்றிக்கொண்டு போனேனோ அவர் கை அது. ஏன் டீச்சர் ஒரு போன்கூடப் பண்ணலை என்று கேட்டேன்.

“பண்ணினா, திருப்பிக் கேக்கற மாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன்” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். அக்காவுக்குக் குளிர் விட்டுதா?” என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றபோது அக்கா கண்ணைத் திறக்காமலே கையை வெளியே எடுத்தார், சுங்குடிப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார், கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அப்புறம் குளிருது என்று சொல்லவில்லை.

“விட்டுது டீச்சர்” என்றேன்.