குன்றுக்கு அந்தப் பக்கத்து வெளிச்சம்

நிலக்கரிப் புகையின் மணம் கம்பளிச் சட்டையில் ஏறிவிட்டால் இரண்டு தரம் தோய்த்தாலும் போகாது. ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், முன்பு படையினர் தங்கியிருந்த நீண்ட கட்டடத்தின் மேல்மாடியில் நாங்கள் அகதிகளாக இருந்தபோது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என் சட்டையை மணந்துவிட்டு மூக்கைச் சுளிப்பார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்ததில்லை, ஏனென்றால் அதே மணம் நேசன் மாமாவிலும் இருந்தது. கட்டடத்துக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலையில், யாரும் கேட்காமலே, அவர் காவலாளிக்குக் கைகொடுத்து வந்தார்.

நேசன் மாமா அம்மாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு வெளிக்கிட்டு, பல நாடுகளில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்து, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தவர். அவருடைய தஞ்ச விண்ணப்பம் வேறு, எங்களுடையது வேறு. ஆனால் அந்தக் "கைம்" என்கிற அகதி விடுதியில் நாலு பேருக்கும் ஒரே அறைதான். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவரும், என் பின்னலை அம்மாவை விட நேராகப் பின்னிவிட்டவரும் அவர்தான்.

அங்கே இருந்தவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. எங்களைப் பதிந்த மாவட்டத்தை விட்டு, அனுமதிக் கடிதம் இல்லாமல், வெளியே கால் வைக்கக் கூடாது. நாட்டின் மறுகோடியில், ஊன்ட்றொப்பிலுள்ள அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போவதென்றாலும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் முன்கூட்டியே "டெர்மீன்" என்கிற சந்திப்பு நேரம் எடுத்துக் காத்திருந்து கேட்க வேண்டும். சில வருடம் தருவார்கள், சில வருடம் தரமாட்டார்கள். அப்பா அந்தச் சட்டத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். "ஒருத்தன்ர வீட்டு விறாந்தையில ஒதுங்கி நிக்கிறம். காலை நீட்டப்படாது" என்பார். எங்கள் விடுதிக்குப் பின்னாலிருந்து வடக்கே ஏறுகிற வயல் பாதை, பாதிக் குன்றில், ஒரு மஞ்சள் பலகையைத் தாண்டியதும் அடுத்த மாவட்டத்துக்குள் போய்விடும். உச்சியில் மரமில்லாத புல்வெளி இருக்கிறதென்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். நாங்கள் பார்த்ததில்லை.

வசந்தம் தொடங்கியும் குளிர் விடாத ஒரு நாள், எங்கள் ஆசிரியை, சூரியனில் பெரிய கொந்தளிப்பு நடந்திருக்கிறது, நோர்வேயில் தெரிகிற துருவ ஒளி இன்றிரவு எங்கள் ஊரிலும் தெரியலாம், இருட்டியதும் வடக்கே பாருங்கள் என்று சொன்னார். நான் ஓடிவந்து மாமாவிடம் சொன்னபோது அவர் கரிவாளியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"பௌதிகப் பேப்பரில அதைப் பற்றி எழுதினனான், பிள்ளை. படமும் கீறினனான். உண்மையா இருக்கோ எண்டு இண்டைக்குப் பாப்பம்."

அப்பாவுக்கு விசயம் எட்டியதும் முதலில் கேட்டது, எங்கே நின்று பார்ப்பது என்றுதான். மாமா குன்றைக் காட்டினார்.

"பலகைக்கு அங்கால போகப்படாது, தம்பி. உன்ர முடிவு வாற நேரம். பொலிஸ் கண்டுதெண்டால் அதையே சாட்டாச் சொல்லுவாங்கள்."

"ஓம் அத்தான். தாண்டமாட்டம்" என்றார் மாமா. அம்மா என் கழுத்தைச் சுற்றித் தன் சால்வையைக் கட்டிவிட்டாள்.

நாங்கள் போனபோது நன்றாக இருட்டியிருந்தது. மஞ்சள் பலகையடியில் நின்று வடக்கே பார்த்தால் வானம் தெரியவில்லை. குன்றின் மேற்பாதியும் அதன் ஊசியிலைக் காடும்தான் சுவராக நின்றன. அந்தச் சுவருக்கு மேலே, மர நுனிகளில், மங்கலாக ஒரு இளஞ்சிவப்பு. நெருப்பாக இருக்குமோ என்று பயந்தேன். "நெருப்பெண்டால் புகை மணக்கும்" என்றார் மாமா. அவருக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அப்போது மேலிருந்து ஒரு வயதான ஜேர்மன்காரர் நாயோடு இறங்கி வந்தார். எங்களைக் கண்டதும் மகிழ்ச்சியில் கையை விரித்து, ஏன் இங்கே நிற்கிறீர்கள், மேலே போங்கள், முழு வானமும் சிவந்து கிடக்கிறது, திரைச்சீலை மாதிரி ஆடுகிறது, பத்து நிமிட நடைதான் என்றார். மாமா தன்னிடமிருந்த கொஞ்ச ஜேர்மனில், மிக மரியாதையாக, "நன்றி, நாங்கள் இங்கேயே நிற்கிறோம்" என்றார். கிழவருக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார், பிறகு எங்களுக்குத்தான் மொழி தெரியாதென்று நினைத்து, விரலால் மேலே மேலே என்று காட்டினார். மாமா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கிழவர் போன பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் அவர் முகத்திலேயே கிடந்தது.

"வாங்கோ மாமா, ஓடிப் பார்த்திட்டு ஓடி வருவம். இருட்டில ஆர் காணப்போகினம்?"

"ஏலாது, குஞ்சு. அத்தானுக்குச் சொல்லிப்போட்டன். எனக்கு விசா கிடைக்கட்டும், நாங்கள் பகலிலயே ஏறி, உச்சியில பாய் விரிச்சு, இருட்டுமட்டும் இருந்து பாப்பம். சூரியன் எங்கை ஓடப்போகுது?"

நான் அழத் தொடங்கியதும் அவர் என்னைத் தூக்கித் தோளில் ஏற்றி, அப்படியும் போதாதென்று, என் காலைப் பிடித்து நிற்க வைத்தார். பலகையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். மரங்களுக்கிடையில் ஒரு வெட்டு இருந்தது. அதற்குள், குருதிச் சிவப்பில் ஒரு பட்டை மேலெழுந்து, மெல்ல மறைந்து, பக்கத்தில் இன்னொன்று எழுந்தது.

"தெரியுதோ?" என்றார் கீழேயிருந்து.

"ஓம் மாமா! சிவப்பு!"

"பச்சை இருக்கோ அடியில? ஆடுதோ, இல்லாட்டி அப்பிடியே நிக்குதோ? சொல்லு, சொல்லு."

நான் சொல்லச் சொல்ல, அவர் மரங்களின் கறுப்பையே பார்த்துக்கொண்டு, "சரி, சரி, புத்தகத்தில அப்பிடித்தான் கிடந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய தோள் நடுங்கத் தொடங்கும்வரை என்னை இறக்கவில்லை.

கோடையில் அவருடைய முடிவு வந்தது. வழக்கறிஞர் மேன்முறையீடு செய்தார், அதுவும் தள்ளுபடியானது. அலுவலகத்துக்காரி அவருடைய கோப்பைப் புரட்டி, இவ்வளவு காலமும் ஒரு சிறு விதிமீறல்கூட இல்லை, நல்ல மனிதர், ஆனால் முடிவை அது மாற்றாது என்று அப்பாவிடம் சொன்னாளாம். அப்பா அதை வீட்டில் வந்து ஒரு தரம்தான் சொன்னார். ஒரு விடியற்காலையில் அவரை நாடுகடத்தப் பொலிஸ் வந்தபோது மாமா எழுந்து முகம் கழுவி, அம்மாவின் காலைத் தொட்டுவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து, "நீங்கள் யோசிக்காதேங்கோ அத்தான்" என்றார்.

ஊரிலிருந்து சில வருடங்கள் தொலைபேசியில் பேசினார். ஒரு தரம் என்னிடம், "அது திரும்ப வந்ததோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். கடைசி யுத்தத்தில் வன்னிக்குள் அகப்பட்டவர், கடற்கரைப் பக்கம் போகிறோம் என்று ஒரு முறை சொன்னதோடு சரி. அதன் பிறகு அவரைக் கண்டவர்கள் ஒருவரும் எங்களுக்கு அகப்படவில்லை. அம்மா இன்றுவரை அவருடைய படத்துக்கு மாலை போட விடவில்லை.

அண்மையில் துருவ ஒளி ஜேர்மனி முழுவதும் தெரிந்தது. வேலை முடிந்து கடைக்குப் போயிருந்த நான், வாகனத் தரிப்பிடத்தில் நின்றபடியே பார்த்தேன். அண்ணாந்தால் போதுமாக இருந்தது. சாமான் வண்டிலோடு நின்ற சனமெல்லாம் கைபேசியை உயர்த்திப் படமெடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் விடுதியை இடித்துப் பல வருடமாகிறது, அந்தச் சட்டமும் முன்போல் இல்லை. அங்கே இருந்தவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். என்னைக் "குஞ்சு" என்று கூப்பிட இப்போது ஒருவரும் இல்லை.

அம்மாவும் அப்பாவும் இப்போது ஊன்ட்றொப் கோயிலுக்குக் கிட்ட இருக்கிறார்கள். அவர்களுக்கு அழைத்தேன்.

"நான் பாக்கேல்லை" என்றாள் அம்மா. "அவன் பாக்காததை நான் என்னெண்டு பாக்கிறது? கொப்பாவிட்டைக் குடுக்கிறன்."

அப்பா தொலைபேசியோடு பல்கனிக்குப் போகிற சத்தம் கேட்டது. பிறகு அவருடைய மூச்சு மட்டும். தெரிகிறதா என்று கேட்டேன்.

"அண்டைக்கு அவனை மேல போக விட்டிருக்கலாம், பிள்ளை."

உள்ளே அம்மா, குளிருது, கதவைச் சாத்திக்கொண்டு வாங்கோ என்று கூப்பிட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டாள். அப்பா போகவில்லை. நானும் தொலைபேசியை வைக்கவில்லை.