ஷாஃப்ட்டின் மேல் ஒரு கோடு

காலண்டர் சீசன் சூடுபிடித்த நேரம் பார்த்து, எங்கள் சிவகாசி அச்சகத்து வார்னிஷ் மெஷின் மூன்றாவது முறையாகப் படுத்துவிட்டது. தாள்களை உலர்த்தும் ப்ளோயரைச் சுழற்றும் இரும்புத்தண்டான ஷாஃப்ட், பேரிங் உட்காரும் இடத்தில் தேய்ந்திருந்தது. வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியது இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. அங்கே மெக்கானிக் நான்தான்.

இரண்டாம் முறை தேய்ந்தபோது முதலாளி காரணம் கேட்டார். "அக்கா ப்ளோயர் பெல்ட்ட ரொம்ப இறுக்குறாங்க அண்ணாச்சி" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அக்கா விஸ்வநத்தத்துக்காரர், பல வருஷமாக அந்த மெஷினை ஓட்டியவர். "எம்புட்டு இறுக்கணும்னு என் விரலுக்குத் தெரியும் தம்பி" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாளே அவரை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

அதன் பிறகு பெல்ட்டை நானேதான் அளவாக வைத்தேன். அப்படியும் தேய்ந்தால் என்ன அர்த்தம்? கழற்றிய ஷாஃப்டை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனேன். தேய்ந்த இடத்தில் செம்மண் போல மெல்லிய பொடி. பேரிங்கைச் சுழற்றினேன், புதிது போலச் சத்தமில்லாமல் ஓடியது. பெல்ட் இறுகியிருந்தால் முதலில் உள்ளே இருக்கும் குண்டுகள் அல்லவா கெட்டிருக்கும்? அப்படியானால் தப்பு அக்கா மேல் இல்லை.

புது ஷாஃப்டில் பேரிங்கை மாட்டியதும், ஷாஃப்டையும் பேரிங்கின் உள்வளையத்தையும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். ஒரு ஷிப்ட் ஓட்டிவிட்டுத் திறந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி எங்கோ நகர்ந்திருந்தது. ஷாஃப்டைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டிய வளையம் அதன் மேல் வழுக்கி வழுக்கி அரைத்துக்கொண்டிருந்தது.

அந்த ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு, அதைக் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்குக் கோபமாகப் போனேன். பட்டறைக்காரர் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் குடுக்கையில இறுக்கமாத்தானே இருந்துச்சு. யாருலே இதத் தேச்சது?"

என் சட்டைப்பையில் உப்புத்தாள் இருந்தது. பேரிங் சிரமமில்லாமல் ஏறட்டும் என்று ஒவ்வொரு முறையும் ஷாஃப்டை அதனால் பளபளவென்று தேய்ப்பேன். அடிக்காமல், தட்டாமல் கையாலேயே மாட்டுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். தேய்த்துத் தேய்த்து அதை லூசாக்கியதே நான்தான்.

நேரே முதலாளியிடம் போய் ஒப்புக்கொண்டேன். "அந்தப் பிள்ள முகத்துல நான் எப்படிய்யா முழிக்க?" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் மட்டும் எப்படி முழிப்பது? பேக்கிங் பகுதியில் எல்லார் முன்னாலும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையிலிருந்த காலண்டர் கட்டைக் கட்டி முடித்துவிட்டு மெஷினுக்கு நடந்தார்.

இன்னொரு புது ஷாஃப்ட் வந்தது. இந்த முறை தேய்க்காமல், குழாய்த்துண்டை வைத்து அடித்துத்தான் பேரிங்கை ஏற்றினேன். கோடு போட மார்க்கரை எடுத்தேன். அக்கா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"கோடு நான் போடுதேன் தம்பி. நீ தள்ளிக்கிடு."