தாலியை வெளுத்த களிம்பு

என் முகம் இட்லிப் பானையின் அடிப்பக்கம் மாதிரி இருக்கும். அப்பேர்ப்பட்ட நான்தான், கல்யாணமான ஆறாம் மாதம், என் மனைவி கொஞ்சம் நிறம் மட்டு என்று கண்டுபிடித்தேன். கச்சேரி ரோட்டு மருந்துக்கடையில் டாக்டர் சீட்டில்லாமலே, சோப்பு வாங்குவது போல, நிறம் வெளுக்கிற சீமைக் களிம்பு வாங்கினேன். முகத்தோடு நிறுத்தாதே, கழுத்துக்கும் தடவு என்று உத்தரவு வேறு.

மூன்று டப்பா காலியானபோது அவள் தாலி வெளுத்துப்போயிருந்தது. தங்கம் ஈயம் பூசினாற்போல் நின்றது. தாலி செய்துபோட்டது எங்கள் வீடு. மாமனார் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கு முலாம் பூசிக் கட்டினேளா, மாப்பிள்ளை?" என்றார். அதோடு சம்பந்திகளுக்குள் பேச்சு நின்றது. கால் வீங்குகிறது என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். முதலில் தாலி விஷயம் முடியட்டும் என்றேன் நான், மானஸ்தன்.

அவள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு தாலியைக் கழற்றித் தந்தாள். அதைச் செய்த குளத்தங்கரை ஆசாரியிடம் சண்டைக்குப் போனேன். என் கத்தலை லட்சியம் பண்ணாமல் அவர் அதைக் கல்லில் உரசினார்.

"தங்கத்துல குத்தமில்ல சாமி. பாதரசம் ஏறிக்கீது. அம்மா கழுத்துல இன்னா தடவுறாங்க?"

அன்றைக்கே அவளையும், பாதி தீர்ந்த நாலாவது டப்பாவையும் லஸ் முனை டாக்டரிடம் கொண்டுபோனேன். சிறுநீரைச் சோதனைக்குழாயில் காய்ச்சினார். முட்டை வெள்ளை போலத் திரண்டது. களிம்பிலிருந்த பாதரசம் தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது, பிழைப்பாளா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்.

மருந்துக்கடையில் டப்பாவை விட்டெறிந்தேன். துரைசானிகளே பூசிக்கொள்கிறார்கள், உங்கள் வீட்டு உடம்பில்தான் கோளாறு என்றார் கடைக்காரர். சொல்லிக்கொண்டே டப்பாவைத் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தார், பாவி.

மாதக்கணக்கில் அவளுக்கு உப்பில்லாச் சாப்பாடு. நானும் உப்பை விட்டேன். நாலாம் நாளே திருவல்லிக்கேணி ஓட்டலில் சாம்பார் குடித்துவிட்டு வந்தேன். ஒருவழியாகக் குழாயில் எதுவும் திரளாத நாள் வந்தது. ஓடிவந்து, இனிமேல் நீ உப்புப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"என் நிறம் பிடிக்கலைன்னா பெண் பார்க்க வந்த அன்னிக்கே எழுந்து போயிருக்கலாமே."

 அன்று நான் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்தேன்.