தாம்பூலத்தோடு போன பொம்மைகள்

அம்மா விற்கச் சொல்லவில்லை. சொன்னதாக நான்தான் சொன்னேன். தலை முழுக்க நரைத்த பிறகாவது இதை எழுதிவிட வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் டெக்சஸில், சுகர் லேண்டில் இருந்தோம். அப்பா எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். எண்ணெய் விலை சரிந்து, அவருடைய ஆபீசில் ஒவ்வொருவராக மேஜையைக் காலி செய்துகொண்டிருந்த காலம். அந்த நேரத்தில்தான் அம்மா பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஸ்டூடியோ ஆர்ட்ஸ் டிகிரிக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி செமஸ்டர். களிமண்ணில் உருவம் பிடித்துச் சூளையில் சுடுவதற்கு ஒரு டிகிரியா என்பது அப்பாவின் தீராத ஆச்சரியம்.

“இதை முடிச்சா மாசம் எவ்வளவு வரும், சொல்லு. கம்ப்யூட்டர் கோர்ஸ் எடுத்தா டேட்டா என்ட்ரி வேலையாவது கிடைக்கும். நாளைக்கே என்னை வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டான்னா?”

“முடிச்சுட்டுச் சொல்றேன்” என்பாள் அம்மா. எப்போது கேட்டாலும் அதே பதில். பகலில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பணத்தில் ஃபீஸ் கட்டினாள். சாயங்காலம் எங்களுக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஃப்ரீவேயில் போய்விடுவாள்.

எனக்குப் பத்து வயது. அப்பா சொல்வது நியாயமாகப் பட்டது. ஆனால் அம்மா ஜெயிக்க வேண்டும் என்றும் இருந்தது. களிமண்ணுக்கும் பணம் வரும் என்று காட்டிவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று முடிவு கட்டினேன்.

நவராத்திரி வந்தது. சென்னையிலிருந்து கொண்டுவந்த பொம்மைகள் இரண்டு படிகளுக்குத்தான் போதுமாக இருந்தன. கீழ்ப்படியில் அம்மா தான் செய்த ஏழு உருவங்களை வைத்தாள். எல்லாரும் காலையில் எங்கள் தெருவில் தென்படுகிறவர்கள். ஸ்கூல் பஸ் ஓட்டும் பெண், தபால்காரர், பிள்ளைகளை ரோட்டைக் கடக்கவைக்கும் கிழவர், இப்படி. கடைசியில் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பாதி கட்டிய டையுமாக வேலைக்குக் கிளம்பும் அப்பா. டிகிரிக்காக டிசம்பரில் ஆசிரியர்கள் முன் வைக்க வேண்டிய வரிசை அது. அதை அம்மா என்னிடமும் சொல்லியிருந்தாள். நான் காதில் வாங்காமல் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆன்ட்டிகள் வந்தார்கள். அம்மா சுண்டல் எடுக்க உள்ளே போனதும், ஒரு ஆன்ட்டி தபால்காரரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“எங்கடா வாங்கினீங்க, ஹில்க்ராஃப்ட் இண்டியன் கடைலயா?”

“அம்மா பண்ணது. அஞ்சு டாலர், ஆன்ட்டி.”

“விக்கறீங்களா என்ன?”

“ஆமா. அம்மாதான் விக்கச் சொன்னாங்க. கேக்க அவங்களுக்கு வெக்கம்.”

அதன்பின் வியாபாரம் தானாக நடந்தது. இன்னொரு ஆன்ட்டி, “டை கட்டத் தெரியாத இந்த ஆளுக்குமா அஞ்சு? மூணு தரேன்” என்றார்.

“இது எங்கப்பா, ஆன்ட்டி.”

“அப்ப ரெண்டுதான்!”

எல்லாரும் சிரித்தார்கள். மூன்றுக்கு முடித்தேன். கிளம்பும்போது அம்மா ஒவ்வொருவருக்கும் குங்குமம் கொடுக்க, தாம்பூலப் பையை எடுத்து நீட்டுவது என் வேலை. வெற்றிலை பாக்குக்கு அடியில், அம்மா உள்ளே இருந்தபோதே நான் காகிதத்தில் சுற்றி வைத்த ஒரு பொம்மை.

அப்பா வீட்டுக்கு வந்ததும் பணத்தை அவர் கையில் வைத்தேன். “அம்மா டிகிரில வந்ததுப்பா.”

“அட, அதுக்குள்ள சம்பாதிக்க ஆரம்பிச்சாச்சா!” என்று அப்பா சிரித்தார். அவர் சிரித்துப் பல நாளாகியிருந்தது. அம்மா காலியான கீழ்ப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் புரிந்ததும் அப்பா, “போன் பண்ணிக் கேட்டா குடுத்துட்டுப் போறாங்க” என்றார்.

“தாம்பூலத்தோட போனதை எந்த வாயால திருப்பிக் கேக்கறது?”

அம்மா என்னை அடிக்கவில்லை. அப்பா கையிலிருந்த பணத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். “களிமண் வாங்கணும்” என்றாள்.

மறுநாளிலிருந்து சனி, ஞாயிறும் ஸ்டூடியோவுக்குப் போனாள். களிமண் காய்ந்து கை விரல்கள் வெடித்திருந்தன. சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். “டிசம்பருக்குள்ள முடியுமா?” என்று அப்பாவே ஒருநாள் கவலையோடு கேட்டார்.

“முடிச்சுட்டுச் சொல்றேன்.”

முடித்தாள். காலேஜ் கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். மூன்று பேரும் போனோம். வெள்ளை மேடையில் பஸ் ஓட்டும் பெண், தபால்காரர், கிழவர் எல்லாரும் முன்பைவிட நன்றாக வந்திருந்தார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். ஆறுதான் இருந்தன.

“அப்பா பொம்மை மட்டும் காணோமே?”

அப்பா திரும்பினார். “நானா? இதுல நான் இருந்தேனா?” கொலு வைத்திருந்த நாளெல்லாம் அவர் கீழ்ப்படியைக் குனிந்து பார்த்ததேயில்லை. “எவ்வளவுக்குடா போனேன்?”

“மூணு டாலர்.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

“அதை மட்டும் மறுபடி பண்ண வரல” என்றாள் அம்மா.

அம்மாவுக்கு டிகிரி கிடைத்தது. அது எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தது என்று இன்று யாராவது கேட்டால், சொல்வதற்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு தொகைதான். அதுவும் நான் பொய் சொல்லி வாங்கியது. மற்ற ஆறும் கூடிவந்த கைக்கு அந்த ஒன்று மட்டும் ஏன் வரவில்லை என்று அன்று நான் யோசிக்கவில்லை. அந்த டை செய்வதற்குக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, காரில் ஏறி இருவருக்கும் பின்னால் உட்கார்ந்தேன்.