நடுவில் ஒரு பாயின்ட்

காங்கிரீட் போட்ட அன்று அக்கா இருந்தாள். லைட் வாங்கப் போன அன்று அவள் இல்லை. இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இன்னும் முழுக்க விளங்கியபாடில்லை.

காங்கிரீட் அன்று நான், அம்மா, என் மனைவி, எலக்ட்ரீசியன், கலவை போட வந்த ஆட்கள், எல்லோரும் இருந்தோம். அக்கா காங்கேயத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஆட்களுக்குக் கொடுக்க ஒரு தூக்குப்போசி நிறைய மோர் கொண்டுவந்திருந்தாள். மாமா வரவில்லை, கொப்பரைக் களத்தில் காய் உடைத்துப் போட்டிருந்ததால் அதை விட்டுவிட்டு வர முடியாது. கூரையில் கம்பி கட்டி முடித்து, எந்த லைட் எங்கே வருமோ அங்கெல்லாம் கருப்பு நிறத்தில் வட்டப் பெட்டிகளைக் கட்டி, அவற்றுக்கு இடையே குழாய் ஓட்டியிருந்தார் எலக்ட்ரீசியன். காங்கிரீட் இறுகிவிட்டால் அதற்கப்புறம் ஒன்றும் மாற்ற முடியாது. சுவருக்கு இன்னும் பூச்சுகூட ஆகாதபோது, எந்த இடத்தில் வெளிச்சம் வேண்டும் என்று மட்டும் முடிவு செய்துவிட வேண்டும். இந்த ஏற்பாடே எனக்குக் குழப்பமாக இருந்தது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, கம்பிமேல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, இது எதுக்குங்க, அது எதுக்குங்க என்று ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஹாலின் நடுவுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் ஃபேனுக்குக் கொக்கி இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

“நடுவுல ஒன்னே ஒன்னு உட்டு வையுங்க.”

நடுவில் இப்போது யாருங்க லைட் போடுகிறார்கள் என்று எலக்ட்ரீசியன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. “பின்னாடி வேணுமுன்னா ஒடைக்க முடியுமுங்களா? இருந்துபோட்டுப் போவுது உடுங்க” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். கலவை மிஷின் ஓட ஆரம்பித்திருந்தது. பேச்சு முடிந்தால் போதும் என்று தலையாட்டினேன். பையிலிருந்து கடைசிப் பெட்டி ஒன்றை எடுத்து அந்த இடத்தில் கட்டினார். அக்கா எதற்காக அதைக் கேட்டாள் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கோபி பக்கம் வாழைத்தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அக்கா அஞ்சாவதோடு நின்று அவர்களோடு தோட்டத்துக்குப் போனாள். கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு நூல் மில்லில் சேர்ந்து, அந்த மில்லின் ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டாள். நான் பாலிடெக்னிக் சேர்ந்ததும், அங்கே ஹாஸ்டலில் தங்கியதும், அப்புறம் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலைக்கு வந்ததும் அவளுடைய சம்பளத்தில்தான். லீவில் அவள் வீட்டுக்கு வரும்போது எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு குண்டு பல்பு. அதன் அடியில் உட்கார்ந்து அவள் பேசினால், முதல் நாள் மட்டும் பேச்சு தெருவுக்கே கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப்பார்ப்பார்கள். “ஏன்டி, நானென்ன செவுடா?” என்பாள் அம்மா. இரண்டாம் நாள் சரியாகிவிடும். மில் சத்தத்தில் பேசிப் பழகிய வாய் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்ததோடு சரி. அந்த மில் உள்ளே எப்படி இருக்கும் என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

லைட் வாங்கப் போனது நானும் மனைவியும் மைத்துனரும். அக்காவையும் கூப்பிட்டேன். களத்தில் வேலை இருக்கிறது, உனக்குப் பிடித்ததை வாங்கு, எனக்கென்ன தெரியும் என்றாள். கடைக்குள் நுழைந்ததும் எனக்குத் தலை சுற்றியது. கூரை முழுக்க நூற்றுக்கணக்கான லைட்டுகள் ஒரே நேரத்தில் எரிந்துகொண்டிருந்தன. எல்லாம் எரியும் இடத்தில் ஒன்றின் வெளிச்சம் எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது? கடைப்பெண் எத்தனை வாட் என்று கேட்டாள். சொன்னேன். எத்தனை கெல்வின் என்றாள், வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பதற்குத்தான் அந்தக் கணக்காம். கெல்வினைப் பரீட்சைக்குப் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். வீட்டு ஹாலுக்கு எத்தனை கெல்வின் வேண்டும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. உட்கார்ந்தால் ரிலாக்ஸாக இருக்க வேண்டுமா, இல்லை பளிச்சென்று இருக்க வேண்டுமா என்று அடுத்த கேள்வி. மனைவிக்குக் கண்ணாடித் துண்டுகள் தொங்கும் சரவிளக்கில் ஆசை. அதில் ஒட்டடை அடிப்பது யார் என்று அவள் அண்ணன் கேட்டார். பிறகு செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, “மாப்பிள்ள, இப்பெல்லாம் இதுதானுங்க” என்றார். கூரையில் நீளநீளமான வெள்ளை லைட்டுகள், ஒன்றன் பின் ஒன்றாக, இரண்டு வரிசை, கோடு கிழித்தது போல.

எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. காரணம் பின்னால்தான் புரிந்தது. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் படிக்கும் ஹாலில் அப்படித்தான் டியூப்லைட் வரிசை இருக்கும். வாழ்க்கையில் முதல்முதலாக, தரையில் புத்தகத்தின் நிழல்கூட விழாத வெளிச்சத்தில் நான் உட்கார்ந்தது அங்கேதான். வெள்ளை வெளிச்சம் என்றால் எனக்குப் படிப்பு. இரண்டு வரிசையும் பளீர் வெள்ளையிலேயே வாங்கினோம். நடுவில் இருந்த வட்டப் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு மூடினார் எலக்ட்ரீசியன்.

புதுமனை புகுவிழாவில் அக்காதான் பால் காய்ச்சினாள். விடியும் முன்னே எல்லா லைட்டையும் போட்டுவிட்டிருந்தோம். அடுப்பில் பால் பொங்கியதும், அதைச் சொல்ல ஹாலுக்கு வந்து, இரண்டடி தள்ளி நின்ற என் மனைவியிடம், “அம்மணி, பால் பொங்கிப்போச்சு!” என்று அவள் கூவியதில் ஐயரே மந்திரத்தை நிறுத்திவிட்டார். எல்லோரும் சிரித்தோம். சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று நினைத்தோம். சாப்பிட்டவுடனே தலை வலிக்கிறது என்று பஸ் ஏறிவிட்டாள்.

அதற்கப்புறம் வந்த போதெல்லாம் இதே கதைதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது தணிவாகப் பேசுவாள். சமையலறையில் தணிவாகப் பேசுவாள். சாயங்காலம் ஹாலில் வந்து உட்கார்ந்தாளோ, குரல் ஏறிவிடும். குழம்புக்கு உப்பு பத்தவில்லை என்பதைக்கூடத் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். ஒரு நாள் மனைவி பொறுக்கமாட்டாமல், “அண்ணி, நான் இங்கதானுங்க இருக்கேன்” என்றாள். அக்காவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அதிலிருந்து ஹாலில் வாயே திறக்கவில்லை. பதிலுக்குக் கையைக் காட்ட ஆரம்பித்தாள். ஒரு முறை என் மனைவியைப் பார்த்துக் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள். தண்ணீர் கேட்டிருக்கிறாள். இவளோ, தம்பி குடிக்கிறானா என்று அக்கா ஜாடையாக விசாரிப்பதாக நினைத்துக்கொண்டாள். தண்ணீர்தான் என்று நான் கொண்டுவந்து கொடுத்தும் இவள் நம்பவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

பிறகு அக்கா வருவது நின்றது. களத்தில் வேலை, மாமாவுக்கு முடியவில்லை, ஆடு குட்டி போட்டிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று. எங்கள் வீட்டைப் பார்த்து அவளுக்குப் பொறாமை என்றாள் மனைவி. அக்காவுக்கு ஒழுங்கான சேலை எடுத்துத் தரவில்லை, அதுதான் என்றாள் அம்மா. எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. பொறாமைப்படுகிறவள் தன் பதினாறு வயதை என் படிப்புக்குக் கொடுத்திருப்பாளா? சேலை கணக்கு பார்க்கிறவள் அந்தச் சம்பளத்தை அனுப்பியிருப்பாளா? ஆனால் காரணம் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். ஏனென்றால், ப்ளஸ் டூ முடித்த அவள் மகளைக் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்க்கும் பேச்சு வந்தபோது, அந்தப் பெண் எங்கள் வீட்டில் தங்கிப் படிப்பதாகத்தான் முன்பே முடிவாகியிருந்தது. மொட்டைமாடிக்குப் போகும் படியோரம் இருக்கும் அறையை அவளை நினைத்துத்தான் கட்டினேன். அக்கா போனில், வெகு தணிவாக, “பொண்ண ஹாஸ்டல்லயே சேத்திப்போடறேன் கண்ணு” என்றாள்.

போனை வைத்துவிட்டேன். என் வயிற்றில் பிறந்தது எதுவும் ஹாஸ்டல் சோறு திங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். மகளின் சொந்தத் தாய்மாமன் வீட்டைவிட அவளுக்கு ஹாஸ்டல் தேவலாம் என்று ஆகிவிட்டது. நான் என்ன செய்தேன்?

அந்த மாதம்தான் கம்பெனியிலிருந்து ஒரு நூல் மில்லுக்கு என்னை அனுப்பினார்கள். எங்கள் பம்ப் ஒன்று அங்கே சரியாகத் தண்ணீர் இழுக்கவில்லை. பம்ப் இருந்த இடத்துக்கு ஸ்பின்னிங் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். கதவைத் திறந்ததும் சத்தம் நெஞ்சில் வந்து மோதியது. இரண்டு பக்கமும் மிஷின்கள், காற்றில் பஞ்சு, நடுவில் நீண்ட பாதை. பெண்கள் வாய் திறக்காமல் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் கட்டைவிரலை வாயருகே காட்டிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். எனக்கு வழிகாட்டிய சூப்பர்வைசரிடம் ஏதோ கேட்டேன், அவர் காதில் விழவில்லை, கத்தினேன். அப்போது அண்ணாந்து பார்த்தேன். கூரையில் நீளநீளமான வெள்ளை லைட்டுகள், ஒன்றன் பின் ஒன்றாக, இரண்டு வரிசை, கோடு கிழித்தது போல. தரையில் யாருடைய நிழலும் விழவில்லை.

வேலை முடிந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று மனைவிக்குப் போன் செய்தேன். இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். “ஏனுங்க, எதுக்கு இப்படிக் கத்தறீங்க?” என்றாள். நான் அங்கே இருந்தது ஒரு மணி நேரம்கூட இருக்காது. அக்கா இருந்தது கல்யாணம் ஆகும் வரைக்கும்.

வீட்டுக்குப் போய், மில்லில் பார்த்ததை மனைவியிடம் சொன்னேன். முதலில் அவள் நம்பவில்லை. பிறகு லைட்டைப் போட்டுவிட்டு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அது தண்ணிதானா?” என்றாள். அன்றைக்கே அவள்தான் அக்காவுக்குப் போன் செய்தாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நடுவில் இருவரும் சிரித்தது கேட்டது. பிறகு நான் போனை வாங்கி, மில் ஞாபகம் வந்துவிடுகிறதா அக்கா என்று கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும் கண்ணு? உன்ற ஊட்டு ஹாலுக்கு வந்தா, ஏதோ லேட்டா வந்துபோட்ட மாதிரி நெஞ்சு அடிச்சுக்குது. நல்ல ஊடுதான். எனக்குத்தான் என்னமோ ஆகிப்போச்சுன்னு இருந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். லைட்டுதான் காரணம் என்று அவள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வந்தவளிடம், எல்லா லைட்டையும் கழற்றிவிடுகிறேன் என்றேன். திட்டினாள். காசு போட்டு வாங்கியதைக் கழற்றுவானா ஒருத்தன் என்றாள். பிறகு பிளாஸ்டிக் மூடி போட்டிருந்த நடுப்பெட்டியைக் காட்டி, “அதுக்குத்தானே அன்னைக்கே உட்டு வைக்கச் சொன்னேன்” என்றாள். எதற்கு என்று இப்போதாவது கேட்டுவிட்டேன். நடு வீட்டில் ஒன்றும் தொங்கவில்லை என்றால் மொட்டையாக இருக்காதா என்று கேட்டாள். மில்லை நினைத்தோ, எங்கள் பழைய குண்டு பல்பை நினைத்தோ அவள் அதைக் கேட்டிருக்கவில்லை. நான் எதிர்பார்த்த பதில் அதுவல்ல. ஆனால் அவளிடம் இருந்தது அந்தப் பதில்தான்.

மூவருமாகக் கடைவீதியில் ஒரு பாய் நடத்தும் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனோம். முதல் கடை போல அங்கே எல்லாம் எரிந்துகொண்டிருக்கவில்லை. கேட்டால் ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினார் பாய். கெல்வின் கேட்கவில்லை. “மஞ்சளா இருக்கோணுங்க” என்றாள் அக்கா. நாலு பல்பை மாட்டிக் காட்டினார், நாலுமே மஞ்சள்தான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அக்காவும் மனைவியும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, மூன்றாவதை எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா மகள் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். வேடிக்கை என்னவென்றால், மஞ்சள் வெளிச்சத்தில் எழுத்தே தெரியவில்லை மாமா என்று தினமும் அந்த இரண்டு வரிசை வெள்ளை லைட்டையும் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து படிப்பவள் அவள்தான். அவளுடைய அம்மா வரும் நாட்களில், கேட் சத்தம் கேட்டதும் யாரும் சொல்லாமலே எழுந்துபோய் அதை அணைத்துவிட்டு நடுவில் இருப்பதைப் போடுகிறாள். அப்போதும் அக்கா சில சமயம் கத்திப் பேசுகிறாள். அது மில்லா, வயதா, இல்லை பேச்சே அப்படித்தானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, இத்தனை லைட்டுக்கு நடுவில் இது எதற்குங்க என்று கேட்கிறார்கள். அக்கா கேட்டாள் என்று சொல்கிறேன்.

நீள லைட்டுகளுக்கு இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் ஆனது. அந்த பில்லை மைத்துனர் எங்கேயோ வைத்துவிட்டார். அன்று பாய் கடையில் ஹோல்டர், ஒயர், மூன்றாவது பல்பு எல்லாம் சேர்த்து நூற்று அறுபது சொன்னார். நான் பர்ஸை எடுப்பதற்குள் அக்கா, “ஏனுங்க பாய், தம்பி ஊட்டுக்கு நான் செய்யற சீருங்க, பாத்துப் போடுங்க” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நூற்று நாற்பது.