மஞ்சள் தண்ணீர் ஊற்றிய சாம்பல்

எண்பதுகளின் கடைசியில் நானும் என் மதினியும் கழிவு லாரியில் லோடு ஏற்றும் வேலை பார்த்தோம். மதினி என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அது முனிசிபாலிட்டி லாரி அல்ல, ஒரு காண்ட்ராக்டரின் லாரி. காலையில் ராஜபாளையம் மில்களில் கழிவுப் பஞ்சை ஏற்றுவோம். அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பால்கோவா கிண்டும் கடைகளின் அடுப்புச் சாம்பலை டின் டின்னாக எடுத்துக்கொண்டு குடோனுக்குத் திரும்புவோம். இரண்டையும் வாங்க ஆள் இருந்தது.

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே என்று ஊரே சொல்லும். அது வயசுப் பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னது என்று எங்கள் காண்ட்ராக்டர் நினைத்துவிட்டார் போல. லாரியின் கேபினில் டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்தில் ஸ்டெப்னி டயர் ராஜா மாதிரி உட்கார்ந்து வரும். பொம்பளைகள் நாங்கள் பஞ்சின் உச்சியில். மெத்தென்று இருக்கும், காற்றும் வரும். அதற்கு ஆசைப்பட்டு ஆபத்தை நாங்களும் யோசிக்கவில்லை.

ஒரு நாள் திரும்பி வரும்போது மதினி, "ஏட்டி, அடியில சுடுதே" என்றாள்.

"வெயிலு மதினி, பேசாம வாங்க" என்றேன்.

வெயில் இல்லை. புளிய விறகுக் கங்கு சாம்பலுக்குள் ஒளிந்துகொண்டு மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மேலே பார்த்தால் வெள்ளையாக, சாதுவாக இருக்கும். ஓட்டை டின் வழியாக அது பஞ்சில் இறங்கியிருக்கிறது. பஞ்சும் உடனே எரியாது, உள்ளேயே கனிந்துகொண்டு வந்து, காற்றுப் பட்டதும் குபீர் என்று பிடிக்கும். நான் கேபினைத் தட்டித் தட்டிக் கத்தினேன். டிரைவர் அண்ணன் வண்டியை ஓரம் கட்டுவதற்குள் மதினியின் சேலை பற்றிக்கொண்டது. அவள் அப்படியே குதித்தாள். நான் பின்னால் குதித்து மண்ணை அள்ளிப் போட்டேன். உயிர் தப்பியது, கால் வெந்துபோனது.

காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "எவ பீடி குடிச்சது?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரையே ஒரு பெட்டில் படுக்க வைத்திருப்பேன்.

"சாம்பலுக்குத் தனி டிரிப் போடுங்க" என்றேன்.

"தனி டிரிப்புக்கு டீசலு உங்க அய்யாவா ஊத்துவாரு?" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னதெல்லாம் தெலுங்கு. கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் மறந்துவிடும்.

புண் ஆறியதும் மதினி மறுபடி வேலைக்கு வந்தாள். வேறு வழி இல்லை. ஆனால் லாரியில் அவள் இருந்த இருப்பைப் பார்க்கவே எனக்கு ஆகவில்லை. வழி நெடுக இரண்டு உள்ளங்கையையும் பஞ்சின்மேல் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே வருவாள். இன்னொரு தடவை பிடித்தால் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவளால் குதிக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாம்பலை ஈரமாக்கித்தான் ஏற்ற வேண்டும் என்று முடிவு பண்ணினேன். பெரிய கடையின் கொல்லைப்புறத்தில் ஒரு குடம் தண்ணீரோடு நின்றேன். பால்கோவா மாஸ்டர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"பால் காய்ச்சுன நெருப்புல தண்ணி ஊத்தி அவிப்பியா? கடை வெளங்குமா? லெச்சுமி எறங்கிப் போயிருவா!"

நானும் சும்மா இருக்காமல் ஒரு யோசனை சொன்னேன். "அப்போ பால் கேன் கழுவுன தண்ணிய ஊத்துறேன். அதும் பாலுதான?"

மாஸ்டர் முகம் கறுத்துவிட்டது. "சாம்பல்ல பால் தெளிக்கணுமா? எங்க கடையில யாரு செத்தா?"

எரித்த மறுநாள் சுடுகாட்டில் பால் தெளிப்பது எனக்கு அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை. கடை முதலாளி காண்ட்ராக்டருக்கு ஆள் அனுப்பினார். காண்ட்ராக்டர் வந்து, இனி வாயைத் திறந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கும் கங்கோடுதான் ஏற்றினோம்.

பங்குனி வந்தது. எங்கள் தெருவில் தீச்சட்டி ஊர்வலம். வேண்டிக்கொண்டவர்கள் கையில் நெருப்புச் சட்டியோடு வர, பொம்பளைகள் வாசலில் நின்று அவர்கள் காலில் வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். ஒரு சட்டியிலிருந்து கங்கு ஒன்று தெறித்து என் முன்னால் விழுந்தது. நான் ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீர் அதன்மேலும் பட்டது. சுர்ரென்று அவிந்தது. சாமியுடைய நெருப்பு! யாராவது ஏதாவது சொன்னார்களா? பக்கத்தில் நின்றவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சாமி நெருப்புக்கு ஆகும் தண்ணீர் பால்கோவா நெருப்புக்கு ஆகாதா?

மறுநாள் தலை குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, சொம்பில் மஞ்சளைக் கரைத்து வேப்பங்கொத்தைச் செருகிக்கொண்டு கடைக்குப் போனேன். மதினி பயந்து பின்னாலேயே நின்றாள்.

"அம்மனுக்கு ஊத்துன மாதிரி உங்க அடுப்புக்கும் ஊத்தணும்னு தோணுச்சு. அடுப்பும் தெய்வந்தான" என்றேன்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். நான் டின்னில் ஊற்றினேன். மேலே கிளம்பிய ஆவிக்குத் தள்ளி நின்றுகொண்டேன். முதல் சொம்பில்தான் மஞ்சள். அதற்குப் பிறகு ஊற்றிய குடங்கள் எல்லாம் வெறும் குழாய்த் தண்ணீர். நீளக் கம்பியால் அடிவரைக்கும் கிளறிக் கிளறி ஊற்றினேன். அதையும் அவர் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்.

மதினி மெதுவாகக் கிட்டே வந்தாள். ஆவி அடங்கட்டும் என்று செத்த நேரம் பொறுத்து, டின்னைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சாம்பலுக்குள் கையை விட்டாள்.

"ஏட்டி, பச்சத் தண்ணியால்லா இருக்கு" என்றாள். அவள் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அந்த வாரம் அந்தக் கடையில் வியாபாரம் நன்றாக ஓடியிருக்கிறது. கல்யாண சீசன், ஓடாமல் என்ன செய்யும்? ஆனால் பெயர் மஞ்சள் தண்ணீருக்குப் போனது. அடுத்த கடைக்காரர் லாரியை மறித்தார். "அவியளுக்கு மட்டுந்தான் ஊத்துவியளோ? நாங்க என்ன பாவம் செஞ்சோம்?" என்று சண்டைக்கே வந்தார். கொஞ்ச நாளில் நாங்கள் போய் நின்றால் வாசலில் மஞ்சள் கரைத்த சொம்பும், நிறைகுடங்களும், கம்பியும் தயாராக இருக்கும். சாம்பல் கனம் கூடிவிட்டது என்று முனகினோம். ஆனால் திரும்பி வரும்போது மதினி பஞ்சின்மேல் கால் நீட்டிக் குறட்டை விட்டாள். நான் அந்த வேலையை விடும்வரை அந்த லாரி மறுபடி பற்றவே இல்லை.

ஒரு முறை எனக்குக் காய்ச்சல். என் இடத்துக்கு ஆள் கிடைக்காமல் காண்ட்ராக்டரே ஸ்டெப்னியை ஒதுக்கி வைத்துவிட்டு கேபினில் ஏறிப் போயிருக்கிறார். அவருக்கு அவசரம். தண்ணீரெல்லாம் வேண்டாம், அப்படியே ஏற்று என்று மதினியை விரட்டியிருக்கிறார். மாஸ்டர் வாசலில் குறுக்கே நின்றுகொண்டாராம்.

"தண்ணி ஊத்தாத சாம்பல் எங்க வாசலத் தாண்டாது. அம்புட்டு அவசரம்னா, கங்கோட எடுத்துட்டு நீங்க பஞ்சு மேல உக்காந்து போங்க. இந்தம்மா கேபின்ல வரட்டும்."

காண்ட்ராக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே குடத்தைத் தூக்கி ஊற்றினாராம். மதினி கம்பியை அடிவரைக்கும் விட்டுக் கிளறி, டின்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் சுடுது. இன்னொரு கொடம் கொண்டாங்க" என்றாளாம். கொண்டுவந்தாராம்.