திரைக்கு வெளியே அப்பா

"ஆம்பளை உடம்பைத் துடைக்கிறதுக்கா இங்கிலீஸ் படிச்சே? உன்னை எவன் கட்டிக்குவான் லா?"

நான் தாதிப் பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் அத்தை கேட்டது இது. எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தன் மகனுக்கு என்னைக் கேட்டிருந்தவள் அவள்தான். எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் பலகையைப் படித்துச் சொல்லக்கூட என்னைத்தான் கூட்டிப்போவார்கள். எனக்கு அந்தத் திமிர் உண்டு. பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொம்பளைங்க வார்டுன்னாதான் போகணும். ஆம்பளைங்க பக்கம்னு தெரிஞ்சுது, அன்னிக்கே பொட்டியோட கூட்டிட்டு வந்துடுவேன்."

அவர் செய்யக்கூடியவர்தான். எனக்குப் பதினேழு வயது. அவர் வந்து கேட்டால் ஆஸ்பத்திரியில் அனுப்பிவிடுவார்கள்.

போன முதல் வாரமே தெரிந்துவிட்டது, வார்டை நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது என்று. விடுப்பில் வீட்டுக்குப் போனபோது யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆரம்பப் பயிற்சியின் கடைசிச் சோதனை, நோயாளியைப் படுக்கையிலேயே குளிப்பாட்டுவது. எனக்கு விழுந்தது ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். அருகில் போன பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவர், அப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளி. வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, கால் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ பாப்பா, நீயா? வேற மிஸ்ஸியைக் கூப்பிடு."

தாதிகளை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். "நான்தான் மாமா மிஸ்ஸி."

"உன் அப்பன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

கட்டிலின் கால்மாட்டில் எங்களுக்குப் பாடம் நடத்தும் சிஸ்டர் நின்றிருந்தார். சீனப் பெண்மணி. தமிழ் புரியாது. ஆனால் நோயாளி மறுக்கிறார் என்பது யாருக்கும் புரியும். வேறொருத்தி செய்தால் நான் தோற்றேன்.

"மாமா, துண்டை எடுத்து மூஞ்சில போட்டுக்குங்க. நான் யாருன்னு மறந்துடுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு துண்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். சிஸ்டரும் உள்ளே நிற்க, சுற்றிலும் திரையை இழுத்தேன். கை, மார்பு, வயிறு என்று ஒவ்வோர் இடமாகத் திறந்து, துடைத்து, உடனே மூடினேன். அடிக்கடி தண்ணீரில் கைவிட்டுச் சூடு பார்த்தேன். முதுகில்தான் முக்கியமான வேலை. கட்டிலுக்கு மேலிருந்த பிடியில் தொங்கி அவர் உடம்பைத் தூக்க, நான் அடியில் கையைக் கொடுத்துச் சோப்புப் போட்டேன். தோல் சிவந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் புண்ணாகியிருக்கும்.

அப்போது திரை விலகியது.

அப்பா. கையில் பால் பாட்டில். வாசல் காவலாளி அவரிடம் பால் வாங்குகிறவர், பார்வையாளர் நேரத்துக்கு முன்பே உள்ளே விட்டிருக்கிறார். நண்பரைப் பார்க்க வந்தவர் என்னைப் பார்த்தார், நனைந்த என் கைகளைப் பார்த்தார்.

"என்ன புள்ள இது?"

மாமா துண்டுக்குள்ளிருந்து, "நான் வேணாம்னுதான் சொன்னேன்யா! சத்தியமா சொன்னேன்!" என்று கத்தினார்.

அப்பா என் மணிக்கட்டை நோக்கிக் கையை நீட்டினார். சிஸ்டர் நகரவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமா இன்னும் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தார், ஈர முதுகு காற்றில் சிலிர்த்தது.

"அப்பா, வெளிய நில்லுங்க."

என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. திரையை இழுத்து மூடினேன். திரைக்கடியில் அவருடைய செருப்புகள் தெரிந்தன. நான் முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, விரிப்பு மாற்றி முடிக்கும்வரை அவை அசையவில்லை. பிறகு பார்த்தபோது இல்லை.

நான் தேறிவிட்டதாகச் சிஸ்டர் சொன்னார். நான் அவரிடம் ஒன்று கேட்டேன். அவர் புருவத்தை உயர்த்தினார், சரி என்றார்.

அப்பா ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"பொட்டியை எடுத்துக்கிட்டு வா."

"பாஸ் பண்ணிட்டேன்ப்பா."

"அதையா கேட்டேன்? நாளைக்கு இவன் மார்க்கெட்டு பூரா சொல்லுவான். உங்க அத்தைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"முதுகு அழுகாம இருக்கிறதுக்குச் செஞ்சேன்னு சொல்லுங்க."

அவர் சைக்கிள் மணியை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தார். நானும் கேட்டைத் தாண்டி வெளியே வரவில்லை.

"ரொம்பக் கத்தினானா?" என்றார் கடைசியில்.

"உங்க குரலைக் கேட்டப்புறம்தான்."

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. அங்க வச்சுப் பேசறேன்."

"ஞாயித்துக்கிழமை வர முடியாதுப்பா. டூட்டி."

"எந்த வார்டு?"

சிஸ்டரிடம் நான் கேட்டு வாங்கியிருந்தது வார்டைத்தான்.

"இதே வார்டு" என்றேன்.